செமினோமான்னு ரிப்போர்ட், ஆனா ஏஎஃப்பி 420... ரெண்டும் ஒத்து வருமா?

#1 கொக்கிரகுளத்தான்
எல்லாருக்கும் வணக்கம். நான் இங்க ரொம்ப நாளா வாசிக்க மட்டுந்தான் செய்யுதேன், எழுதுனது இல்ல. எங்க அக்கா வீட்டுக்காரர், எனக்கு அத்தான், வயசு 31. இடது பக்க விரையில கட்டி. ஆறு மாசமா இருந்திருக்கு, வலி இல்லைல்லா, அதான் யாருட்டயும் சொல்லாம இருந்துட்டாவ, அக்காட்ட கூட. பெறவு கனமா இழுக்குதுன்னு ஒருத்தர்ட்ட காட்டுனதுக்கு விரைப்பையில தண்ணி கோத்திருக்கு, ஓதம்னு சொல்லி மாத்திரை குடுத்து ஒரு மாசம் ஓடிப்போச்சு. கடைசில வேற டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொல்லி, அதுல கட்டின்னு வந்து, ரத்தம் எடுத்து, மறுவாரமே ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டாவ. இன்னைக்கு பன்னெண்டாவது நாளு.

ரிப்போர்ட்ட அப்படியே அடிக்கேன். இடது விரை, கட்டி 4.5 செ.மீ., செமினோமா கிளாசிக்கல் டைப், வாஸ்குலர் இன்வேஷன் பிரசன்ட் (ரத்தக்குழாய்ல புகுந்திருக்காம்), கார்டு மார்ஜின் ஃப்ரீ (விரையோட கொடிய வெட்டுன எடத்துல கட்டி இல்லையாம்). ஆபரேஷனுக்கு முந்தின ரத்தத்துல கட்டிய காட்டிக்குடுக்குற மூணு டெஸ்ட்டுல ஏஎஃப்பி 420, பீட்டா எச்சிஜி 18, எல்டிஎச் கொஞ்சம் கூட. நெஞ்சு வயிறு சிடி ஸ்கேன் கிளீன். விரைப் புத்துநோய்ல செமினோமா நல்ல வகை, ஒரே ஒரு ஊசி போட்டா போதும், அடுத்த வாரம் வாங்கன்னு சொல்லி அனுப்பிட்டாவ. வீட்ல எல்லாருக்கும் சந்தோசம். எனக்குத்தான் ராத்திரி போன்ல தேடும்போது செமினோமாவுல ஏஎஃப்பி ஏறாதுன்னு ஒரு வரி கண்ணுல பட்டு, அதுல இருந்து தூக்கம் இல்ல. நான் செல்போன் கடை வச்சிருக்கவன், எனக்கு இதெல்லாம் என்ன தெரியும். வெவரம் தெரிஞ்சவிய சொல்லுங்க.

#2 முக்கூடல்_மச்சான்
வே, டாக்டரே நல்ல வகைன்னு சொன்னா கும்பிட்டுட்டு வாரத விட்டுட்டு போன்ல எதுக்குவே தோண்டுதீரு. அது சரி, இது அடிபட்டா வருமா? ஒம்பதாங் கிளாஸ் படிக்கும்போது எனக்கு கிரிக்கெட் பந்து பட்டு ரெண்டு நாள் எந்திரிக்க முடியல. ச்சும்மா கேக்கேன்.

#3 பாளை_கிராஸிங்
மச்சான் கொஞ்சம் பொறும்வே, அந்தத் தம்பி கேட்டது நல்ல கேள்வி.

நான் லேப் டெக்னீசியன். ரிப்போர்ட் போடுதது நான் இல்ல, டாக்டர் பீஸ வெட்டும்போது பக்கத்துல நின்னு கேசட்ல அடுக்கி, ப்ராசஸ் பண்ணி, மெழுகுல புதைச்சு, மைக்ரோடோம்ல சீவி, சாயம் ஏத்திக் குடுக்கது என் வேலை. தம்பி, ரிப்போர்ட்ல மேல கிராஸ்னு ஒரு பாரா இருக்கும், அதுல எத்தனை பிளாக், அதாவது மெழுகுல புதைச்ச துண்டு, எடுத்தாவன்னு போட்டிருக்கும். பாத்துச் சொல்லுங்க.

#4 கொக்கிரகுளத்தான்
ஏ, பி, சி மூணு போட்டிருக்கு அண்ணே. ஏ கார்டாம். பியும் சியும் கட்டின்னு போட்டிருக்கு.

#5 பாளை_கிராஸிங்
4.5 செ.மீ. கட்டிக்கு ரெண்டே ரெண்டு பிளாக்கா. சவத்தெளவு.

கணக்கு என்னன்னா குறைஞ்சது ஒரு செ.மீ.க்கு ஒரு பிளாக், அதுபோக நெறம் மாறுற எடம், ரத்தம் கட்டுன எடம், வழவழன்னு இருக்க எடம், எல்லாத்துலயும் தனித்தனியா எடுக்கணும். ஒரு பிளாக்ல இருந்து சீவுற பட்டை மூணு நாலு மைக்ரான் கனம். ஒரு தேங்காயில ரெண்டு கீத்து பாத்துட்டு முழுத் தேங்காயும் நல்லாருக்குன்னு சொன்ன மாதிரிதான் இது. டாக்டர் வருவாவ, அவிய சொல்லட்டும்.

#6 ஸ்லைடு_பெட்டி
தம்பி, நான் பாதாலஜி. முப்பது வருசத்துக்கு மேல ஸ்லைடு பாத்துட்டு இப்ப ரிட்டயர்டு ஆகி பாளையங்கோட்டையில சும்மா இருக்கேன். உங்க அத்தான் ஸ்லைட நான் பாக்கல, அதனால இதுதான்னு இங்க இருந்துகிட்டு சொல்ல மாட்டேன், அது தப்பு. ஆனா நீங்க கேட்டதுக்கு பதில் உண்டு.

சுத்தமான செமினோமா செல்லுக்கு ஏஎஃப்பி செய்யத் தெரியாது. வயித்துப் பிள்ளைக்கு யோக் சாக்குன்னு ஒரு பை உண்டு, பெறவு அதோட ஈரல், இவை செய்யுற புரதம் அது. பெரியாளு ரத்தத்துல 10க்கு கீழதான் இருக்கணும். 420 இருக்குன்னா ஒண்ணு ஈரல்ல கோளாறு இருக்கணும், இல்லன்னா கட்டிக்குள்ள எங்கயோ யோக் சாக் ட்யூமர்னு ஒரு வகை ஒளிஞ்சிருக்கணும். எச்சிஜி 18க்கு நான் பதற மாட்டேன், செமினோமாவுலயே பத்துல ஒண்ணு ரெண்டுல நஞ்சுக்கொடி செல் மாதிரி பெரிய செல்லு அங்கங்க நிக்கும், அது கொஞ்சம் எச்சிஜி விடும். ஏஎஃப்பிக்கு அந்தச் சலுகை கிடையாது.

இன்னொண்ணு, ஸ்லைடுல எவ்வளவு தேடியும் செமினோமா மட்டுமே கிடைச்சாலும் கூட, ஈரல் நல்லாருந்து ஏஎஃப்பி ஏறியிருந்தா அத நான்செமினோமாவாத்தான், அதாவது செமினோமா அல்லாத வகையாத்தான் வச்சுப் பாப்பாங்க. அந்த ஒரு ஊசி கார்போபிளாட்டினா இருக்கும், அது செமினோமாவுக்கு உள்ளது. யோக் சாக்குக்கு அது பத்தாது. அதனால ஊசி போடுறதுக்கு முந்தி இந்த நம்பரக் காட்டி உங்க டாக்டர்ட்ட கேளுங்க. சண்டைக்குப் போகாம, கேளுங்க. ஏஎஃப்பி பேப்பர் ஒரு பைல்ல, பயாப்சி பேப்பர் ஒரு பைல்ல கெடக்கும், ரெண்டையும் சேத்து யாரும் பாத்திருக்க மாட்டாங்க, இது நடக்கிறதுதான்.

முக்கூடல் தம்பிக்கு: அடிபட்டு வராது. அடிபட்ட பெறவுதான் தொட்டுப் பாக்கோம், அப்ப ஏற்கனவே இருந்தது கைல படுது.

#7 பாளை_கிராஸிங்
தம்பி முக்கியமா ஒண்ணு. வெட்டி எடுத்தது போக மிச்ச பீஸ் அந்த லேப்ல ஃபார்மலின் டப்பாவுல இருக்கும். எங்க லேப்ல ஒரு மாசம் வைப்போம், சில எடத்துல எடம் இல்லன்னு வெரசாவே தூரப் போட்டுருவாவ. இன்னைக்கே போன் பண்ணி அத போட்டுராதிய, இன்னும் பிளாக் எடுக்கணும்னு சொல்லுங்க. பிளாக் எத்தனை வருசம் கழிச்சும் கிடைக்கும், டப்பா போனா போனதுதான்.

#8 கொக்கிரகுளத்தான்
போன் பண்ணிட்டேன் அண்ணே, டப்பா இருக்காம். நாளைக்கு டாக்டர் லெட்டரோட வரச் சொன்னாவ. கை நடுங்குது. டாக்டர், ஒரே விரையில ரெண்டு வகை எப்படி இருக்கும்? புத்துநோய்னா ஒண்ணுதானே?

#9 ஸ்லைடு_பெட்டி
அதுதான் இந்த உறுப்போட விசேசம். கொஞ்சம் நீளமா சொல்லுதேன், பொறுமையா வாசிங்க.

விரையில வார கட்டில நூத்துக்கு 95 ஜெர்ம் செல் கட்டி, அதாவது விந்து உண்டாகுற வித்துச் செல்லுல இருந்து வாரது. விரைக்குள்ள சின்னச்சின்னக் குழாயா சுருண்டு கெடக்கும். வாய்க்கா உள்கரையோரமா களை மொளைச்சு நிக்குற மாதிரி அந்தக் குழாய்ச் சுவரோரமா கெட்ட செல்லு வரிசையா உக்காந்திருக்கும், வெள்ளையா வயிறு ஊதுன மாதிரி. 1972ல டென்மார்க்குல ஸ்கக்கபெக்னு ஒருத்தர் பிள்ளையில்லாம வந்தவங்க பயாப்சில இத மொதமொதல்ல கண்டுபிடிச்சு எழுதுனார். இப்ப அதுக்கு ஜிசிஎன்ஐஎஸ்னு பேரு, 2016ல உலக சுகாதார நிறுவனத்தோட வகைப்பாட்டுல வச்சது.

இந்த வித்துச் செல்லு வேற செல்லு மாதிரி இல்ல, ஒரு முழு மனுசன உண்டாக்குற சக்தி அதுக்குள்ள கெடக்கு. அது கெட்டுப்போகும்போது தன் போக்குல எங்கயும் போகும். வித்தாவே நின்னா செமினோமா. கருவோட முதல் நாள் செல் மாதிரி ஆனா எம்ப்ரியோனல் கார்சினோமா. யோக் சாக்க மாதிரி ஆனா யோக் சாக் ட்யூமர். நஞ்சுக்கொடி மாதிரி ஆனா கோரியோகார்சினோமா. குழந்தையையே செய்யப் போனா டெரட்டோமா, அதுல தோலு, குருத்தெலும்பு, குடல் சதை எல்லாம் கலந்து கெடக்கும், சிலசமயம் முடி கூட. ஒரே கட்டில ஒரு மூலையில ஒண்ணு, இன்னொரு மூலையில இன்னொண்ணு இருந்தா மிக்ஸட். நான்செமினோமாவுல பெரும்பாலும் மிக்ஸடுதான் வரும். பன்னெண்டாவது குரோமோசோமோட குட்டைக்கை ரெட்டிப்பாகி இருக்கும், இந்தக் குடும்பம் முழுக்க அந்த ஒரே அடையாளம்.

இதுல ஒரு அப்பாவியும் உண்டு. முன்னாடி ஸ்பெர்மட்டோசைட்டிக் செமினோமான்னு சொல்லுவோம், 2016ல அதுவும் பேர் மாறி ஸ்பெர்மட்டோசைட்டிக் ட்யூமர் ஆச்சு. பெரும்பாலும் அம்பது தாண்டுனவங்களுக்கு வரும், சின்னது நடுத்தரம் பெருசுன்னு மூணு சைஸ்ல செல்லு, லிம்போசைட்னு வெள்ளணுக் கூட்டம் இருக்காது, அந்த வாய்க்காக்கரைக் களையும் இருக்காது. பரவுறது ரொம்ப ரொம்ப அபூர்வம். செமினோமான்னு பேர் இருந்ததுனாலயே எத்தனையோ பேரு தேவையில்லாம கரண்டு (கதிர் வைத்தியம்) வாங்கியிருப்பாங்க, பேர மாத்துனது நல்லதுன்னுதான் நான் சொல்லுவேன்.

#10 பாளை_கிராஸிங்
டாக்டர் மைக்ராஸ்கோப்ல பாக்கத நாங்க வெட்டும்போதே பாதி யூகிச்சுருவோம், டாக்டர் திட்டினாலும் பரவால்ல சொல்லுதேன்.

செமினோமா வெட்டுனா வெட்டி வச்ச உருளைக்கிழங்கு, சாம்பல் கலந்த வெள்ளை, ஒரே சீரா கதுப்பு கதுப்பா. எம்ப்ரியோனல்னா அழுகலும் ரத்தமுமா கசகசன்னு கெடக்கும். யோக் சாக்கு நுங்கு மாதிரி வழவழன்னு, மஞ்சச் சாயல்ல. டெரட்டோமாவுல கத்தி போகும்போதே கறுக்குனு ஒரு சத்தம், குருத்தெலும்பு, நடுவுல நீர்க்கட்டி. கோரியோ சவம் சுண்டைக்காய் சைஸ்ல இருக்கும், முழுக்க ரத்தக்கட்டி, அதுக்குள்ள நுரையீரல் முழுக்கப் பரவியிருக்கும். ஒருநாள் ஒரு பீஸ் வந்துச்சு, வெட்டுனா உள்ள கருப்பட்டி நெறம், அப்படியே உடன்குடி கருப்பட்டி. நான் மெலனோமா, அந்தக் கறுப்புப் புத்துன்னு நினைச்சேன், டாக்டர் சிரிச்சுட்டு லெய்டிக்னு சொன்னாவ.

#11 ஸ்லைடு_பெட்டி
திட்டல, நல்லாத்தான் சொன்னிய. ஆனா கண்ணுக்குத் தெரியுறது குறிப்பு மட்டுந்தான், தீர்ப்பு இல்ல.

லெய்டிக் செல்லுங்கிறது ஆம்பளை ஹார்மோன் செய்யுற செல்லு, வித்துச் செல்லு இல்ல, அதனால அது வேற சாதி. குழாய்களுக்கு எடையில இருக்கும். மைக்ராஸ்கோப்ல செக்கச்செவேல்னு சைட்டோபிளாசம், மூணுல ஒரு கட்டில ரைன்கே கிறிஸ்டல்னு கம்பி கம்பியா தெரியும். பெரும்பாலும் தீங்கு இல்லாதது, பத்துல ஒண்ணு கெட்டதா போகும். அஞ்சாறு வயசுப் பையனுக்கு மீசை அரும்பி குரல் உடைஞ்சா இதையும் தேடணும். பெரியவங்களுக்கு மார்பு வீங்கும். செர்டோலின்னு இன்னொரு செல்லுலயும் வரும், இன்னும் அபூர்வம்.

அறுபது தாண்டுனவங்களுக்கு விரையில கட்டின்னா நான் முதல்ல நினைக்கது லிம்போமா, நிணநீர்ப் புத்து. ரெண்டு பக்கமும் கூட வரும். குழாய அழிக்காம எடையில எடையில புகுந்து போகும், செமினோமான்னு ஏமாந்துரக் கூடாது.

#12 அம்பை_அம்மா
டாக்டர், நடுவுல நுழையுதேன், மன்னிச்சுக்கோங்க. என் மகனுக்கு ரெண்டு வயசாகப் போகுது, ஒரு பக்கம் விரை இறங்கல. மாமியார் வளர வளர தானா இறங்கும்னு சொல்லுதாவ. இத வாசிச்சு வயித்தக் கலக்குது.

#13 ஸ்லைடு_பெட்டி
கலங்காதம்மா, ஆனா தள்ளிப்போடாத. இறங்கணும்னா பெறந்து ஆறு மாசத்துக்குள்ள இறங்கிரும், அதுக்கு மேல தானா வாரது கஷ்டம். ஆறுல இருந்து பதினெட்டு மாசத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணி கீழ இறக்கி வைக்கது நல்லது, இப்பவும் ஒண்ணும் போயிரல, இந்த மாசமே குழந்தைகள் சர்ஜன பாரு. இறங்காத விரையில பின்னால கட்டி வார வாய்ப்பு பல மடங்கு கூட, வெரசா இறக்கி வச்சா அது குறையும், அதுபோக கைக்கு எட்டுற எடத்துல இருந்தா வந்தாலும் தெரியும்லா. வார கட்டி கூட இருபது வயசுக்கு மேலதான் அனேகமா.

குழந்தைகளுக்கு வார கட்டி வேற. மூணு வயசுக்குள்ள முக்கியமா யோக் சாக், அது பெரியவங்களுக்கு வாரது மாதிரி கலந்து வராம தனியா வரும், நல்லா கேக்கும். சின்னப் பிள்ளைல டெரட்டோமா வந்தா அதுவும் சாது. அதே டெரட்டோமா முப்பது வயசு ஆளுக்கு வந்தா எவ்வளவு அழகா முதிர்ந்த சதையா தெரிஞ்சாலும் கெட்டதுதான், பரவும். ஒரே பேரு, வயச வச்சு குணம் மாறுது. மாமியார்ட்ட நான் சொன்னேன்னு சொல்லு.

#14 முக்கூடல்_மச்சான்
டாக்டர், எனக்கு இன்னொரு சந்தேகம். மொதல்ல ஊசி போட்டு உறிஞ்சிப் பாத்துட்டு, கேன்சர்தான்னு தெரிஞ்ச பெறவு எடுத்திருக்கலாம்லா? கழுத்துக் கட்டிக்கெல்லாம் அப்படித்தானே செய்யுதாவ. எடுத்தெடுப்புல விரைய எடுத்துட்டா ஆம்பளைக்கு என்னவே மிச்சம்.

#15 ஸ்லைடு_பெட்டி
விரையில ஊசி கூடாது. விரை அம்மா வயித்துக்குள்ள இருக்கும்போது பிள்ளையோட சிறுநீரகம் பக்கத்துல உண்டாகி பெறவுதான் கீழ இறங்கி வருது, வரும்போது தன்னோட ரத்தக்குழாய், நிணநீர்க் குழாய் எல்லாத்தையும் இழுத்துட்டு வருது. அதனால விரைக் கட்டி பரவுனா முதுகெலும்புக்கு முன்னால, பெரிய ரத்தக்குழாய ஒட்டி உள்ள நெறியிலதான் போகும். பையோட தோலுக்கு வழி வேற, அது தொடையிடுக்கு நெறிக்குப் போகும். பை வழியா ஊசி குத்துனா கட்டிக்கு இல்லாத ஒரு வழிய நாமளே தொறந்து விடுதோம். அதான் தொடையிடுக்குல வெட்டி, கார்டோட சேத்து முழுசா மேல வழியா எடுக்காங்க. அதுதான் பயாப்சி, அதுதான் வைத்தியமும்.

ஒண்ணு இருந்தா போதும், ஆம்பளத்தனத்துக்கும் பிள்ளைக்கும் இன்னொண்ணு நல்லாருந்தா குறை வராது. ஆனா கீமோன்னு பேச்சு வந்தா அதுக்கு முந்தியே விந்து சேமிச்சு வைக்கணும், இத கேக்க வெக்கப்படாதிய.

#16 கொக்கிரகுளத்தான்
அய்யோ டாக்டர், எங்க அம்மா ஆபரேஷன் அன்னைக்கு ராத்திரி பூரா ஒரே பொலம்பல், விரையில கட்டின்னா அடிவயித்துல எதுக்கு வெட்டுனாவ, ஆள் மாத்தி வெட்டிட்டாவளோன்னு. இப்பதான் அம்மாட்ட சொன்னேன். சரி சரின்னுட்டுப் போயிட்டாவ.

#17 வள்ளியூர்_2011
தம்பி, நான் 2011ல இதே வழில போனவன். அப்ப எனக்கு 26. எனக்கு எம்ப்ரியோனலும் டெரட்டோமாவும் கலந்து, வயித்துல நெறி கட்டி 6 செ.மீ. பிஇபின்னு மூணு மருந்து கலந்த கீமோ, மூணு ரவுண்டு. முடி கொட்டுச்சு, காதுக்குள்ள ரீங்காரம் இன்னும் லேசா உண்டு. நாலாம் மாசம் சிடி எடுத்தா கட்டி சுருங்கி 3 செ.மீ.ல நிக்கி, ஆனா ரத்தம் நார்மல். ரத்தம் நல்லாருக்கே பெறவு எதுக்கு வயித்தக் கிழிக்கணும்னு நான் குதிச்சேன். சென்னைல போயி எடுத்தாச்சு. ரிப்போர்ட் டெரட்டோமா மட்டும். எனக்கு அன்னைக்கு ஒண்ணும் புரியல, டாக்டர் சொன்னா நல்லாருக்கும்.

செலவு, அலைச்சல், ஊர்ல கேக்குற கேள்வி எல்லாத்தையும் விட, என்ட்ட யாரும் இது நூத்துக்கு தொண்ணூறு சொகமாகும்னு மொதநாளே சொல்லலை, அதுதான் கஷ்டமா இருந்துச்சு. ரெண்டு பிள்ளை இருக்கு இப்ப.

#18 ஸ்லைடு_பெட்டி
நீங்க குதிச்சது நியாயம், எடுத்தது அதவிட நியாயம். எம்ப்ரியோனல் வேகமா பெருகுற செல்லு, பிஇபில உள்ள சிஸ்பிளாட்டின் அத அடிச்சுருச்சு. டெரட்டோமா முதிர்ந்த சதை, கீமோவுக்கு அசையாது, ஏஎஃப்பி எச்சிஜியும் பெரும்பாலும் விடாது, அதான் ரத்தம் நார்மல். விட்டு வச்சா பைய வளந்து சிறுநீர்க்குழாய அழுத்தும், இல்லன்னா உள்ளயே வேற புத்தா மாறும். கீமோவுக்கு அப்புறம் மிஞ்சுற கட்டில பத்துல நாலு டெரட்டோமா, நாலஞ்சு செத்த சதை, ஒண்ணுலதான் உயிருள்ள புத்து. வெளிய இருந்து எது எதுன்னு தெரியாது, எடுத்துப் பாத்தாதான் தெரியும்.

1974ல அமெரிக்காவுல ஐன்ஹார்ன்னு ஒரு டாக்டர் சிஸ்பிளாட்டினக் கலந்து குடுக்க ஆரம்பிச்சார். அதுக்கு முந்தி இது பரவிட்டா பத்துல ஒருத்தர் தப்பிக்கதே கஷ்டம். சைக்கிள்காரர் ஆர்ம்ஸ்ட்ராங்குக்கு 1996ல மூளை வரைக்கும் போயிருந்தது, அதுக்கப்புறமும் எழுந்து சைக்கிள் ஓட்டுனார். மத்த கதை நமக்கு வேண்டாம்.

#19 முக்கூடல்_மச்சான்
டாக்டர் ஒரு சேதி. நேத்து ராத்திரி கதவப் பூட்டிட்டு போன் டார்ச்ச அடிச்சுப் பாத்தேன். வலது பக்கம் கொஞ்சம் வீக்கமா இருந்துச்சு ஒரு வருசமா. செவப்பா வெளிச்சம் தெரிஞ்சுது. இருட்டா இருந்தாத்தான் கட்டின்னு எங்கயோ படிச்சேன், அப்ப எனக்கு ஒண்ணும் இல்லைல்லா?

#20 பாளை_கிராஸிங்
இதுக்குத்தான் கிரிக்கெட் பந்து கதையாவே 😂 சரி சரி, வாரும் ஸ்கேன் எடுப்போம்.

#21 ஸ்லைடு_பெட்டி
சிரிக்காதிய, கேட்டதே பெருசு. வெளிச்சம் தெரிஞ்சா தண்ணின்னு அர்த்தம், ஓதமா இருக்கும். ஆனா தண்ணிக்குப் பின்னால கட்டியும் இருக்கலாம், கட்டியிருக்க விரையச் சுத்தியே தண்ணி கோக்கும். டார்ச்சோட நிறுத்தாம ஸ்கேன் எடுத்துருங்க, பத்து நிமிசம்.

#22 கொக்கிரகுளத்தான்
ரெண்டு வாரம் கழிச்சு வாரேன். மன்னிக்கணும், கடையும் ஆஸ்பத்திரியுமா ஓடுனேன்.

டாக்டர்ட்ட ஏஎஃப்பி பேப்பரக் காட்டுனதும் கொஞ்ச நேரம் பேசவே இல்ல. பெறவு ஊசிய நிறுத்தி வச்சு, ஈரல் டெஸ்ட்டும் மஞ்சக்காமாலை டெஸ்ட்டும் எடுத்தாவ, எல்லாம் நார்மல். டப்பாவுல இருந்து இன்னும் எட்டு பிளாக் எடுத்து, எல்லாத்தையும் வேற ஒரு பெரிய ஆஸ்பத்திரி பாதாலஜி டாக்டர்ட்ட ரிவியூ குடுத்தோம். நேத்து வந்துச்சு. மிக்ஸட் ஜெர்ம் செல் ட்யூமர், செமினோமா 80, யோக் சாக் 20. பெறவு செல்ல அடையாளம் காட்டுற சாயமாம் (இந்தச் சிடி ஸ்கேன் இல்ல), ஆக்ட் 3/4ம் சிடி 117ம் செமினோமாவுல பாசிட்டிவ், கிளைபிக்கன் 3 யோக் சாக் எடத்துல பாசிட்டிவ், சிடி 30 நெகட்டிவ். சில்லர் டுவால் பாடி பிரசன்ட். கடைசில இருக்க வரிதான் புரியல, முன்னாடி வாஸ்குலர் இன்வேஷன் இருக்குன்னாவ, இப்ப இல்லைங்காவ. ரெண்டுல எத நம்ப?

#23 ஸ்லைடு_பெட்டி
ஒளிஞ்சிருந்தவன் வந்துட்டான். தம்பி, உங்க தூக்கம் கெட்டது வீண் போகல.

சில்லர் டுவால்னா நடுவுல ஒரு ரத்தக்குழாய், அதச் சுத்தி கட்டிச் செல்லு, அதுவும் ஒரு சின்னப் பொந்துக்குள்ள தொங்கும், சிறுநீரக வடிகட்டி மாதிரியே. யோக் சாக்கோட கையெழுத்து அது, ஆனா பாதி கட்டிலதான் போடும். மத்ததுல வலை மாதிரி பின்னலும், செவப்புப் பாசிமணி மாதிரி உருண்டையும் பாத்துப் பிடிக்கணும். செமினோமா அப்படி இல்ல, தட்டையா விரிச்ச மாதிரி வெள்ளைச் செல்லு, நடுவுல பெரிய உட்கரு, பிரிச்சுப் பிரிச்சு நார் வரப்பு, வரப்பு நெடுக லிம்போசைட். சிடி 30 எம்ப்ரியோனலுக்கு உள்ளது, அது நெகட்டிவ்னா எம்ப்ரியோனல் கலக்கலன்னு நம்பலாம்.

இப்ப அந்த வாஸ்குலர் விசயம். செமினோமா செல்லுக்கு ஒட்டுற குணம் கம்மி, மாவு மாதிரி உதிரும். கட்டிய மொதல்ல வெட்டிட்டு அதே கத்தியால கார்டு பக்கம் போனா செல்லு கத்தியில ஏறி ரத்தக்குழாய் வாயில போயி உக்காரும். ஸ்லைடுல பாத்தா ரத்தக்குழாய்க்குள்ள புத்துச் செல்லு. நெசமாவே புகுந்ததுன்னா செல்லு கொத்தா சேந்து, குழாய்ச் சுவருல ஒட்டி, குழாய் வடிவத்துக்கு வளைஞ்சு நிக்கும். கத்தி கொண்டு போனதுன்னா தனித்தனியா மிதக்கும், குழாய்க்கு வெளியயும் தோல்மேலயும் சிதறிக் கெடக்கும். ரிவியூ பண்ணவங்க இதத்தான் சொல்லியிருக்காங்க. நான் பத்து பிளாக் பாத்த ஆள நம்புவேன், ரெண்டு பிளாக் பாத்த ஆள இல்ல.

இது சும்மா வார்த்தை வித்தியாசம் இல்ல. நான்செமினோமா விரையோட நின்னு, ரத்தக்குழாய்ல புகுந்திருந்தா பாதிப்பேருக்கு திரும்ப வரும், ஒரு ரவுண்டு பிஇபி போடலாமான்னு பேசணும். புகலன்னா நூத்துக்கு பதினஞ்சு பேருக்குத்தான், கண்காணிச்சுகிட்டே இருக்கலாம்.

#24 பாளை_கிராஸிங்
இதுக்குத்தான் எங்க டாக்டர் கட்டியத் தொடுறதுக்கு முந்தி கார்டு மார்ஜின மொதல்ல வெட்டி தனி கேசட்ல போடச் சொல்லுவாவ, பெறவு கத்திய மாத்துவாவ. நான் சும்மா சுத்தம் பாக்காவன்னு நினைச்சிருந்தேன். அதுபோக விரைய முழுசா டப்பாவுல போட்டா ஃபார்மலின் உள்ள ஏறாது, வெளிச்சவ்வு கெட்டி. தியேட்டர்ல இருந்து வந்ததுமே நடுவுல ஒரு வெட்டு போட்டு தொறந்து வைக்கணும், இல்லன்னா உள்ள அழுகி டாக்டருக்கு ஒண்ணும் தெரியாது. ராத்திரி வார பீஸ்லாம் இதுலதான் கெட்டுப்போகும்.

#25 கொக்கிரகுளத்தான்
டாக்டர் இப்ப ரெண்டு வழியும் சொன்னாவ, அத்தான் கண்காணிப்பையே எடுத்துக்கிட்டாவ. ஏஎஃப்பி ஆபரேஷனுக்கு முந்தி 420, பன்னெண்டாம் நாள் 110, இருபத்தஞ்சாம் நாள் 28. இன்னும் நார்மல் ஆகலையேன்னு அக்கா அழுது. இது சரியா இறங்குதா?

#26 ஸ்லைடு_பெட்டி
சரியா இறங்குது. ஏஎஃப்பி பாதியாக அஞ்சுல இருந்து ஏழு நாள் ஆகும். ஆறு நாளுன்னு வச்சுக்கோங்க, 420, 210, 105, அது பன்னெண்டாம் நாளு. பெறவு 52, 26, அது இருபத்தி நாலாம் நாளு. உங்க கணக்கு அதே கோட்டுல போகுது. நடுவுல எங்கயாவது நின்னாலோ ஏறினாலோதான் உள்ள மிச்சம் இருக்குன்னு அர்த்தம், அப்ப சிடி கிளீனா இருந்தாலும் கீமோதான். இன்னும் ரெண்டு வாரத்துல 10க்கு கீழ வரணும். எச்சிஜி இத விட வேகமா இறங்கும், ஒண்ணு ரெண்டு நாளைக்கு ஒருதடவை பாதியாகும். ஒரே லேப்லயே எடுங்க, லேப் மாத்துனா நம்பர் குழப்பும்.

#27 அம்பை_அம்மா
டாக்டர், சர்ஜன பாத்தாச்சு, வைகாசிக்குள்ள ஆபரேஷன். மாமியார் கூடவே வந்தாவ.

#28 முக்கூடல்_மச்சான்
எனக்கு ஓதந்தான். ஸ்கேன்ல விரை ரெண்டும் கிளீன். ஸ்கேன் எடுத்த பிள்ளை என் ஸ்கூல்ல ஜூனியர், மானம் போச்சு, அது வேற கதை.

#29 கொக்கிரகுளத்தான்
முப்பத்தெட்டாம் நாள் ஏஎஃப்பி 6.8. எச்சிஜி நார்மல்.

இனி மாசாமாசம் ரத்தம், அப்பப்ப சிடி. பிளாக்கையும் ஸ்லைடையும் எங்க கையிலயே குடுத்துட்டாவ, பத்திரமா வச்சிருங்க, பின்னால என்னைக்காவது வேணும்னு. அம்மா அத ஒரு பித்தளைச் செம்புல போட்டு சாமி படத்துக்குப் பின்னால வச்சிருக்காவ.

#30 பாளை_கிராஸிங்
தம்பி, விளக்குப் பக்கம் வேண்டாம், அது மெழுகு, அறுபது டிகிரிக்குள்ள உருகிரும். பைக் டிக்கியிலயும் வச்சுராதிய, நம்ம ஊரு சித்திரை வெயில் தெரியும்லா. பீரோவுல இருட்டா வைங்க. அதுக்கு முந்தி எண்ணிப் பாருங்க, மொத மூணும் பெறவு எடுத்த எட்டும், பதினொண்ணு இருக்கணும்.

#31 கொக்கிரகுளத்தான்
பதினொண்ணு இருக்கு அண்ணே.